பட்டன் போட்டியா?

மரக்காணம்
14 செப்டம்பர் 2025

இந்தக் கடிதத்தை முதலில் பிரித்துப் படிக்கப்போகும் மதர் அவர்களுக்கு வணக்கம். நான் ஆண்ட்ரூஸ். போன வருஷம் உங்கள் மடத்துக் கம்பிக் கிராதிக்கு முன்னால் நின்று கத்திவிட்டுப் போனவன். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இன்னும் வரவில்லை. இனி எழுதுவது என் அக்காவுக்கு.

ஜெர்லின் அக்கா,

அமலி என்று மடத்தில் வைத்த பெயர் என் வாயில் வரமாட்டேன் என்கிறது. அதனால் பழைய பெயர்தான்.

நலமா என்று கேட்கவில்லை. மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம், உனக்கென்ன குறை. இங்கே அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் புதுச்சேரிக்குப் போய் டயாலிசிஸ். உனக்குச் சொல்லக் கூடாதென்று அம்மா உத்தரவு. "அவ நிம்மதியா ஜெபம் பண்ணட்டும்டா, எதுக்கு அவளப் போட்டுக் கலக்கற" என்கிறாள். நான் கலக்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

திரும்பி வரும்போது அம்மா துவண்டு போய்விடுகிறாள். பஸ்ஸில் உட்கார வைக்க முடியவில்லை. அதனால் கார் வாங்கிவிட்டேன். பெரிய முதலியார்சாவடியில் நான் பார்த்துக்கொள்கிற காட்டேஜுக்கு சனி ஞாயிறு வந்து போகிற சென்னைக்காரர் சக்கரபாணி கொடுத்தது. பழைய ஜெர்மன் கார். ஆனால் பேய் வேகம், ஆல் வீல் டிரைவ். "நாலு வீலும் இழுக்கும் ஆண்ட்ரூஸ். எவ்ளோ மழையா இருந்தாலும் ரயில் மாதிரி போவும், சறுக்கவே சறுக்காது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாங்கினேன். அம்மாவுக்கு மழை ரோடு என்றாலே உதறும் என்பது உனக்குத் தெரியும்.

நீ டயர் கம்பெனியில் இருந்தவள். ரோட்டில் தண்ணீர் விட்டு, காரை ஓட்டிச் சறுக்க வைத்து, அளந்து பார்ப்பதுதான் வேலை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். அதை விட்டுவிட்டு முழங்காலில் நிற்கப் போனாய். போகட்டும். படித்த படிப்பில் அம்மாவுக்கு உபயோகமாக நாலு வரி எழுது. மழையில் இந்தக் காரை எப்படி ஓட்ட வேண்டும்?

ஒன்று, கம்பெனி இங்கிலீஷ் வேண்டாம். நீ அதைப் பேச ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் பேசுகிற மாதிரி எழுது. அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

ஆண்ட்ரூஸ்

---

மடம், சிறுமலை அடிவாரம்
5 அக்டோபர் 2025

அன்புள்ள ஆண்ட்ரூஸ்,

மாதத்தின் முதல் ஞாயிறுதான் எங்களுக்குக் கடித நாள். அன்றைக்குத்தான் கையில் கொடுப்பார்கள், அன்றைக்குத்தான் எழுதலாம். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது மதர் சிரித்தார். "உன் தம்பி நல்லாத்தான் எழுதுறான்" என்றார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். இங்கே வாய்விட்டு அழுவது வழக்கமில்லை.

அம்மா என்னிடம் சொல்லாமல் மறைத்ததற்குக் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை என்றுதான் தோன்றியது. சரி, கேட்டதைச் சொல்கிறேன்.

சக்கரபாணி பாதிதான் சொல்லியிருக்கிறார். நாலு சக்கரமும் இழுக்கும் என்பது கிளம்புவதற்கு. நிற்பதற்கும் திரும்புவதற்கும் அது உதவாது. நிற்கிறபோது அந்தக் காரும் ஒன்றுதான், மீன் வண்டியும் ஒன்றுதான். இரண்டையும் பிடித்து வைப்பது நாலு டயர். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் உன் உள்ளங்கை அளவு. அம்மாவையும் உன்னையும் அந்த நாலு உள்ளங்கைதான் தாங்குகிறது. நாலு சக்கரமும் இழுப்பதால் சறுக்கல் தொடங்குவதே தெரியாது, தைரியம் வந்துவிடும். தைரியம் வந்த பிறகு தெரிந்தால் பிரயோஜனமில்லை.

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஏதாவது ஒரு சக்கரம் பிடி விட்டுச் சுழன்றால் அது கண்டுபிடித்து இன்ஜினை அடக்கும், அந்தச் சக்கரத்தை மட்டும் லேசாக பிரேக் பிடிக்கும். நல்ல காவல்காரன். ஆனால் டயருக்கு ரோட்டில் பிடி மிச்சமிருந்தால்தான் அவனுக்கு வேலை.

நம் உப்பளத்து ரோட்டை மட்டும் நம்பாதே. லாரியிலிருந்து சிந்துகிற உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வெயில் அடித்தாலும் அந்த இடம் வழவழவென்றுதான் இருக்கும்.

இவ்வளவும் அம்மாவுக்கு எதற்கு? வீட்டுப் பேச்சில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். இங்கே ஓர் இங்கிலீஷ் வார்த்தையை அடித்திருக்கிறேன், கண்டுகொள்ளாதே. மழைக்கு முன்னால் பட்டன் பார்த்துக்கொள். பட்டன் இல்லாமல் அம்மாவை ஏற்றாதே. அது ஒன்று சரியாக இருந்தால் மற்றதை நிதானம் பார்த்துக்கொள்ளும்.

அம்மாவின் கையில் ஊசி குத்துகிற இடத்தில் இரவெல்லாம் வலிக்குமாமே, உண்மையா? அதற்கு நான் எழுத ஒரு வரியும் இல்லை. ஜெபிக்கிறேன் என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும். ஜெபிக்கிறேன்.

அமலி

---

மடம்
2 நவம்பர் 2025

ஆண்ட்ரூஸ்,

உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. இன்று கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறைக்கு நீ சுண்ணாம்பு அடித்திருப்பாய், அம்மா மெழுகுவர்த்தி வைத்திருப்பாள். போக முடிந்ததா அவளால்?

வடக்கே மழை பிடித்துக்கொண்டதென்று காய்கறி கொண்டுவருகிற அம்மாள் சொன்னாள். பட்டன் பார்த்தாயா? அதை மட்டுமாவது எழுது. இந்த மாதக் கடைசியில் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. வருவதை மதர் படித்துவிட்டு வைத்துக்கொள்வார். அவசரம் என்றால் மட்டும் கொடுப்பார். அதற்குள் எழுதிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அமலி

---

மரக்காணம்
27 நவம்பர் 2025

ஜெர்லின் அக்கா,

இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான், வேறொன்றுமில்லை. ஆனால் உன் முதல் கடிதம் இப்போது அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. உள்ளங்கைக் கதை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாலு உள்ளங்கை என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

பட்டன் கிடைத்துவிட்டது! கியருக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. ஒரு கார் வளைந்து வளைந்து சறுக்குகிற படம் போட்டிருக்கிறது. நீ காவல்காரன் என்று எழுதினாயே, அவனுக்கானது. பார்த்தால் அணைந்து கிடக்கிறது. சக்கரபாணி சார் பெரிய ரேஸ்காரர், இத்தனை நாள் அதைப் போடாமலே ஓட்டியிருக்கிறார் பார். ஒரு தடவை தட்டினால் போதாது, அமுக்கிப் பிடித்தபடி இருக்க வேண்டும். அப்புறம் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிகிறது. "கோயில்ல சாமிக்கு முன்னாடி எரியிற விளக்கு மாதிரி இருக்குதுடா" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஒரே தொல்லை, வண்டியை நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் அது தானாக அணைந்துபோகிறது. அதனால் அம்மா ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "பட்டன் போட்டியாடா?" போட்டேன் மா என்று சொல்லி விளக்கைக் காட்டினால்தான் ஜெபமாலையை எடுப்பாள். பாப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் ஏறினாலும் "பட்டன் போட்டியாப்பா" என்று கேட்டு மானத்தை வாங்குகிறாள்.

பட்டன் போட்டதிலிருந்து வண்டிக்கே புது உயிர் வந்த மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் ஈரத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் நடுவில் மூச்சு வாங்கும். இப்போது அழுத்தின இடத்தில் சீறிக்கொண்டு போகிறது. டயரைப் பற்றிக் கவலைப்படாதே. முன்னால் இரண்டும் சக்கரபாணி சார் புதிதாகப் போட்டுக் கொடுத்தது.

அம்மா சொல்லச் சொன்னது: "நான் நல்லா இருக்கேன். கை ஒண்ணும் வலிக்கல. நீ சொன்னத ஆண்ட்ரூஸ் அப்படியே கேக்குறான், ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்க."

கை வலிக்கிறது. எழுதாதே என்றாள், எழுதிவிட்டேன். இந்தத் தடவை உன் மேல் கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அம்மா தைரியமாக மழையில் உட்கார்ந்து வருகிறாள் அக்கா. அது உன்னால்தான்.

ஆண்ட்ரூஸ்

---

மடம்
13 டிசம்பர் 2025

என் தம்பி ஆண்ட்ரூஸ்,

மதர் சிறப்பு அனுமதி கொடுத்திருக்கிறார், அதனால் எழுதுகிறேன். உன் வீட்டுக்காரி அனுஷியா போனில் சொன்னதை அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். உப்பளத்தில் கார் இறங்கிவிட்டது, மறுநாள் ஆஸ்பத்திரியில் அம்மா போய்விட்டாள், உனக்குத் தோளெலும்பு உடைந்திருக்கிறது, அடக்கம் முடிந்துவிட்டது. இவ்வளவுதான் தெரியும். மண் போடக்கூட வரவில்லை என்று நீ சொல்வாய். இந்த மடத்தை விட்டு எதற்காகவும் வெளியே வர முடியாதென்று சேரும்போதே தெரிந்துதான் சேர்ந்தேன். தெரிந்திருந்தது என்பது ஒன்றுக்கும் உதவவில்லை.

உன் நவம்பர் கடிதத்தையும் அப்போதுதான் மதர் கொடுத்தார். முதல் தேதியே வந்துவிட்டதாம். நல்ல செய்திதானே, கிறிஸ்துமஸ் அன்று கொடுத்தால் சந்தோஷப்படுவாய் என்று வைத்திருந்தேன் என்றார். அவர் மேல் தப்பில்லை. யார் படித்தாலும் அது நல்ல செய்திதான்.

மஞ்சள் விளக்கு என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

அதைப் பற்றி இப்போது வேண்டாம். தோளைப் பார்த்துக்கொள். அம்மா வலி இல்லாமல் போனாளா?

ஜெர்லின்

---

மரக்காணம்
27 டிசம்பர் 2025

அக்கா,

இடது கையில் கட்டு. வலது கையால் எழுதுகிறேன், அதனால் பரவாயில்லை.

வலி இல்லாமல் போகவில்லை. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்து கிளம்பும்போதே மழை விட்டுவிட்டது. கோட்டக்குப்பம் தாண்டினதும் நல்ல வெயில். அம்மா பின்சீட்டில் சாய்ந்திருந்தாள். நம் உப்பளம் பக்கம் வந்தபோது முன்னால் ஒரு உப்பு லாரி ஆடி ஆடிப் போனது. அம்மாவுக்குக் குளிர ஆரம்பித்துவிட்டது, சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு. லாரியைத் தாண்டலாம் என்று நினைத்தேன். அம்மா கண்ணைத் திறக்காமலே "பட்டன் எரியுதாடா?" என்றாள். "எரியுது மா" என்றேன். சத்தியமாக எரிந்துகொண்டிருந்தது அக்கா, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

பின்பக்கம் மட்டும் தனியாகப் போனது. யாரோ வாலைப் பிடித்து இழுத்த மாதிரி. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அது என் பேச்சைக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டே போய் பாத்திக்குள் இறங்கினோம். உன் காவல்காரன் எங்கே போனான்?

இரண்டு நாள் முன்னால் காரைப் பார்க்கப் போனேன். பஞ்சர் கடை மணிவண்ணன் கூட வந்தான். பின்டயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டனே இல்லையேண்ணா, எப்புடிண்ணா மழையில எடுத்தீங்க?" என்றான். எனக்கு வந்ததே கோபம். "டேய், பட்டன் எரிஞ்சிகிட்டு இருந்துதுடா, இங்க பாருடா" என்று கதவைத் திறந்து கியர் பக்கத்தில் காட்டினேன். அவன் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். கடையில் வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டான். மண்டையில் அடிபட்டிருக்கும் என்று நினைத்திருப்பான்.

நீ சொன்னபடியே செய்தேன். ஒரு நாள்கூட பட்டன் போடாமல் அம்மாவை ஏற்றவில்லை. அப்படியும் ஏன் வழுக்கியது? எனக்கு வேறெதுவும் வேண்டாம், அதை மட்டும் சொல். ராத்திரியெல்லாம் இதேதான் ஓடுகிறது. மடத்திலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன். யாரோ ஒரு சிஸ்டர் ஆறுதல் சொல்லி நான் கேட்க வேண்டாம். நீ உன் கையால் எழுது.

காரை விற்றுவிடு என்று அனுஷியா அழுகிறாள். பாதி ஊர் அதையே சொல்கிறது. நான் விற்க மாட்டேன். அம்மா அதில்தான் மழையைப் பற்றிப் பயப்படாமல் வந்தாள். பாடி வேலை முடிந்து ஏழாம் தேதி புதன்கிழமை வந்துவிடும். பத்தாம் தேதி முப்பதாம் நாள் பூசை. கடலூரில் அவள் அம்மா வீட்டில் இருக்கிற அனுஷியாவையும் பாப்பாவையும் அதில்தான் போய்க் கூட்டி வருவேன். மழை இன்னும் விட்டபாடில்லை. பயப்படாதே, பட்டன் போடாமல் எடுக்க மாட்டேன்.

ஆண்ட்ரூஸ்

---

மடம்
4 ஜனவரி 2026

ஆண்ட்ரூஸ்,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. கடித நாள் இன்றுதான் என்றாலும் மதர் நேற்றே கொடுத்துவிட்டார். வெளிவேலை பார்க்கிற சகோதரி நேற்றும் இன்றும் உன் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தார். நீ எடுக்கவில்லை. சொன்னபடி செய்கிறவன் நீ. அனுஷியா போன தடவை யாருடைய போனிலிருந்து பேசினாளோ, அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்கிறது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பத்தாம் தேதிக்குள் வருமா என்று தெரியாது.

இதை எப்படியாவது எழுதாமல் விட்டுவிட முடியுமா என்று ராத்திரி முழுக்கப் பார்த்தேன். நீ காரை விற்றிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். உன் கேள்விக்கு, உப்பு ரோடு, விதி, கடவுள் சித்தம் என்று எதையாவது சொல்லிச் சாகும்வரை மறைத்திருப்பேன். நீ விற்கவில்லை. அதில் பாப்பா ஏறப்போகிறாள்.

அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் காவல்காரன் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அவன் எப்போதும் விழித்துத்தான் இருப்பான், விளக்கு இல்லாமல். ரேஸ் ஓட்டுகிறவர்கள் அவனை வேண்டாமென்று நிறுத்துவதற்காக வைத்தது அந்தப் பட்டன். நிறுத்தியிருக்கிறாய் என்று எச்சரிப்பதற்குத்தான் விளக்கு. ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் கார் அவனைத் திரும்ப எழுப்பியது. நீங்கள் இருவரும் அவனைத் தூங்க வைத்துவிட்டுக் கிளம்பினீர்கள். மூச்சு வாங்குகிறது என்று எழுதினாயே, அது அவன் உங்களைப் பிடித்து நிறுத்தியது.

நான் எழுதிய பட்டன் டயரில் மேடுமேடாக இருக்கிற ரப்பர். மணிவண்ணன் தடவிப் பார்த்துவிட்டு இல்லை என்றானே, அதேதான். அப்பா மொபெட்டுக்கு டயர் மாற்றும்போது சொல்வாரே, பட்டன் போயிடுச்சுடா என்று. உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். முதலில் டிரெட் என்றுதான் எழுதினேன். கம்பெனி இங்கிலீஷ் உனக்குப் பிடிக்காதே என்று அடித்துவிட்டு, வீட்டுப் பேச்சில் எழுதினேன். வெகுநாள் கழித்து உன்னோடு வீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. அந்தக் காரில் அப்படியொரு பட்டன் இருப்பது எனக்குத் தெரியும். அதை யாராவது தொடுவார்கள் என்று தோன்றவேயில்லை.

நீ சொன்னதைக் கேட்டாய். நான் தெரிந்ததைச் சொன்னேன். அம்மா நம் இருவரையும் நம்பினாள். இதில் தப்பு எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தேன், எனக்கு அகப்படவில்லை. நீயும் தேடாதே. தேடுவாய் என்று தெரியும். பக்கத்தில் வந்து உட்கார என்னால் முடியாது.

மதர் இதைப் படித்தார். "அனுப்பித்தான் ஆகணுமா?" என்று கேட்டார். இதற்கு முன் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றேன்.

புதன்கிழமை கார் வந்ததும் மணிவண்ணனிடம் கொண்டுபோ. நாலு டயரையும் ஒன்றாக மாற்றச் சொல், இரண்டை மட்டும் மாற்றாதே. அவன் சொல்வதைக் கேள். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, எதையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொள்.

பாப்பா ஏறி உட்கார்ந்ததும் கேட்பாள், பட்டன் போட்டியாப்பா என்று. போடல என்று சொல், ஆண்ட்ரூஸ். எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் சொல்லிவிடு.

ஜெர்லின்